எத்தனை பேரைச் சுட்டார் உங்கப்பா?

வேலூர் லாங் பஜாரில், தக்காளிக் கூடைகளுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் பதித்திருக்கும் கல்லில் ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. போனவர் யார், வராதவர் யார், வந்தவர்கள் அப்புறம் எப்படிப் பிழைத்தார்கள், எதுவும் அந்தக் கல்லில் கிடையாது. பேரம் பேசியபடி அதைக் கடந்து போகிற நமக்கும் தெரியாது.

அந்தப் போருக்குப் பிறகும் இந்த மாவட்டத்திலிருந்து ஆள் போவது நிற்கவில்லை. கணியம்பாடிப் பக்கம் இருக்கும் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே சொல்வார்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர் என்று பெயர். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், தெருவுக்கு நாலு மிலிட்ரிக்காரர் வீடு இருக்கிற ஊர்கள் இந்தப் பக்கம் நிறைய. எங்கள் ஊரும் அப்படித்தான். எங்கள் தெருவின் நாலில் ஒன்று எங்கள் வீடு.

அப்பா 1966-இல் சேர்ந்தார். வயது 18. முந்தைய ஆண்டும் அந்த ஆண்டும் நாடு முழுக்க மழை பொய்த்திருந்தது. அரிசித் தட்டுப்பாடு மறு வருஷத் தேர்தலில் ஆட்சி மாறுவதற்கே ஒரு காரணமாகிற அளவுக்கு முற்றியிருந்தது. இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தை நம்பி ஐந்து பிள்ளைகள் இருந்த வீட்டில் மூத்தவர் என்ன செய்வார்? வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விடியற்காலையில் நடந்தே போயிருக்கிறார். உயரம் பார்த்தார்கள், மார்பு அளந்தார்கள், ஓடவிட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாட்டியிடம் சொன்னாராம், “இனிமே எனக்குச் சோறு வைக்காத, கவர்மென்ட் போடுது.”

‘நாட்டுக்காகப் போனேன்’ என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் மேடையேற்றி மைக்கைக் கொடுத்தபோதுகூடச் சொல்லவில்லை. “சோத்துக்குத்தான் போனேன். போன பிறகுதான் நாடு எவ்ளோ பெருசுன்னு தெரிஞ்சிது” என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். தலைமையாசிரியருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்கு அந்தப் பேச்சு இன்றும் பிடித்திருக்கிறது.

அவர் சேர்ந்த படை மெட்ராஸ் என்ஜினீயர் குரூப். 1780-இல் ‘மெட்ராஸ் பயனியர்ஸ்’ என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளாகத் தொடங்கியது. ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ என்பது பழகிய பெயர். தலைமையகம் பெங்களூருவில், அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று நாலு மொழிக்காரர்களும் இருக்கிற படையில் சிப்பாயை ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சாபி மேஜருக்கும் அவர் தம்பி, வங்காளி கர்னலுக்கும் தம்பி. அதிகாரிக்கு வயது குறைவாக இருந்தாலும் தம்பிதான்.

சாப்பருக்கும் துப்பாக்கி உண்டு. சுடப் பயிற்சி உண்டு. ஆபத்து வந்தால் காலாட்படையாக நின்று சண்டை போடவும் வேண்டும். ஆனால் அன்றாட வேலை வேறு. பாதை போடுவது, பாலம் கட்டுவது, மலை உச்சிக்குக் குடிதண்ணீர் ஏற்றுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததை எடுப்பது. இது ஊரில் யாருக்கும் தெரியாது. ‘எத்தனை பேரைச் சுட்டார் உங்கப்பா?’ என்று என்னிடம் கேட்காத பிள்ளை வகுப்பில் இல்லை. பிள்ளைகள் என்ன, வாத்தியார்களும் கேட்டார்கள். லீவில் வந்திருந்த அப்பாவிடம் போய்க் கேட்டேன். ஷேவிங் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: “எத்தினி பாலம் கட்டினேன்னு கேளு கண்ணு, சொல்றேன்.”

கேட்டால் விடமாட்டார். பெய்லி பாலத்தின் ஒரு பேனல் 10 அடி நீளம், 5 அடி உயரம். எடை 250 கிலோவுக்கு மேல். கிரேன் போக முடியாத இடத்துக்காகவே உண்டானது. ஆறு பேர் சேர்ந்து தூக்கிப் போய் ஒன்றோடு ஒன்றை ஊசி போட்டு இணைத்து, உருளைமேல் வைத்து அக்கரைக்குத் தள்ள வேண்டும். ஆறு பேரும் ஒரே உயரம் இல்லையென்றால் நெட்டையனுக்குத்தான் பாரம். அப்பா குள்ளம். “நான் சும்மா கைய வச்சிக்கினு கூட நடந்திருக்கேன்” என்று சிரிப்பார். ராத்திரியில், விளக்கு இல்லாமல், வாயைத் திறக்காமல் கட்டிப் பழக வேண்டும் என்பதால், சாப்பர்களுக்கு நட்டும் போல்ட்டும் கைக்கே தெரியும். கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடாத ஒரே ஆள் அவர்தான்.

1971 பற்றி மட்டும் துண்டு துண்டாகத்தான் பேசுவார். நான் படித்தும் கேட்டும் ஒட்டவைத்துக்கொண்டது இது. டிசம்பர் 3 மாலை போர் தொடங்கியது. ஜம்முவுக்குத் தெற்கே, பாகிஸ்தான் நிலம் நம் பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் இடம் ஷகர்கர். அதற்குள் நம் படை நுழைந்தது. ராவியில் போய்ச் சேரும் பசந்தர் ஆற்றங்கரையில் எதிரி வரிசை வரிசையாகக் கண்ணிவெடி புதைத்திருந்தான். டிசம்பர் 15 இரவு காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்துவிட்டது. ஆனால் பூனா ஹார்ஸ் ரெஜிமென்டின் டாங்குகள் போகப் பாதை வேண்டும். அந்தப் பாதையைத் திறக்கும் வேலை மெட்ராஸ் சாப்பர்களின் 9-ஆவது என்ஜினீயர் ரெஜிமென்டுக்கு. அப்பா அதில் இருந்தார். வயது 23.

டாங்கை உடைக்கும் கண்ணிவெடி மனிதன் மிதித்தால் பொதுவாக வெடிக்காது. அதற்கு டாங்கின் எடை வேண்டும். ஆனால் அதை யாரும் வந்து எடுத்துவிடக் கூடாது என்று ஆளை முடமாக்கும் சின்ன வெடிகளைச் சுற்றிலும் கலந்து புதைப்பார்கள். டிரால் என்ற கனத்த உருளையைப் பூட்டிய டாங்க் முன்னே உருட்டிக்கொண்டு போகும். அது விட்டதைப் பின்னால் வருகிறவன் கையால் தேட வேண்டும். தேடி முடித்த பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். “டேப்புக்கு உள்ளாற நடந்தா உயிரு. வெளிய கால் வச்சா இல்ல. அவ்ளோதான் கணக்கு” என்பார். பாதி வேலை முடிந்திருந்தபோது அக்கரையில் எதிரி டாங்குகள் நடமாடுவதாகத் தகவல் வந்தது. காத்திருக்க நேரமில்லை என்று பூனா ஹார்ஸ் டாங்குகள் மீதிக் கண்ணிவெடிகளுக்கு நடுவிலேயே புகுந்து போயின. மறுநாள் அங்கே நடந்த டாங்குச் சண்டையில் இறந்த 21 வயது அருண் கேத்தர்பாலுக்குப் பரம்வீர் சக்கரம். அந்தப் போர்முனையில் கண்ணிவெடிப் பாதைகளைத் திறந்துகொண்டே போய் உயிரைவிட்ட சாப்பர் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்கரம். கேத்தர்பாலைப் பற்றிப் பாடப்புத்தகம் பேசுகிறது, சினிமா பேசுகிறது. சௌத்ரியின் பெயரை அப்பா சொல்லித்தான் நான் கேட்டேன்.

இந்தப் படைக்குக் கண்ணிவெடியோடு பழைய கணக்கு உண்டு. 1944-இல் இத்தாலியில், மிதிபட்டுவிட்ட வெடியின்மேல் தானே விழுந்து மூடிக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றிய சுபேதார் சுப்பிரமணியன் மெட்ராஸ் சாப்பர்தான். செங்கல்பட்டுச் சீமைக்காரர். ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். பயிற்சிக்கு வந்த பையன்களுக்கு அவர் கதையைத்தான் முதலில் சொல்வார்களாம்.

பசந்தர் கரையில் அந்த ராத்திரி எப்படி இருந்தது என்று அப்பா வாயால் சொன்னதில்லை. ஒரே ஒரு தரம் செய்து காட்டினார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கி முடித்த கொல்லையில், செடியோடு வராமல் மண்ணில் தங்கிய காயைக் கிளறி எடுக்கிற வேலை பிள்ளைகளுடையது. நாங்கள் குச்சியால் கண்டபடி குத்திக்கொண்டிருந்தோம். அப்பா ஒரு பழைய சைக்கிள் கம்பியை எடுத்துக்கொண்டு வந்து, வேட்டியோடு குப்புறப் படுத்துவிட்டார். “நேரா குத்தாத. சாய்ச்சி குத்து. நேரா குத்தினா அதோட தலைல படும்.” கம்பி சாய்வாக மண்ணுக்குள் இரண்டு விரற்கடை போனது, வெளியே வந்தது, ஒரு கட்டை விரல் தள்ளி மறுபடி போனது. அவசரமே இல்லை. ஏதோ தட்டியதும் கம்பியை ஓரமாக வைத்துவிட்டு, விரல் நுனியால் சுற்றிலும் மண்ணை ஒதுக்கினார். காய் தெரிந்தது. நான் எடுக்கப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காயின் அடியில் சுண்டு விரலை விட்டு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தடவிப் பார்த்தார். “கீழ இன்னொண்ணு கட்டியிருப்பான்” என்றார். அப்புறம்தான் எடுத்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக் கொல்லைக்காரர்கள் சிரித்தார்கள். “மிலிட்ரிக்காரர் மல்லாட்டை எடுக்கிறதப் பாரு” என்று ரொம்ப நாள் சொல்லித் திரிந்தார்கள்.

மேற்கே டிசம்பர் 17 இரவு 8 மணிக்குப் போர்நிறுத்தம் வந்தது. டாக்கா முதல் நாளே விழுந்துவிட்டது. ஊரில் பட்டாசு வெடித்தார்கள். “சண்டை முடிஞ்ச பிறகுதான் எங்களுக்கு வேலையே” என்பார் அப்பா. பாதை திறக்கும் வரைதான் போரில் வேலை. பாதைக்கு இருபுறமும் கிடப்பதை எல்லாம் பிறகுதான் எடுக்க வேண்டும். எதிரி புதைத்தது மட்டுமல்ல, நாம் புதைத்ததும். ஆற்று மணலில் வெடி நகர்ந்துவிடும். வரைபடத்தில் ஓரிடம், மண்ணில் வேறிடம். போரில் அடிபடாத ஒரு நண்பனின் காலை அந்த அமைதிக் காலத்தில்தான் அவர் துணியில் சுற்றி எடுத்துப்போனார். இதை என்னிடம் சொன்னவர் அப்பா இல்லை. அவரோடு இருந்த வேலூர்க்காரர் ஒருவர், சாவு வீட்டில் சொன்னார்.

எங்கள் பிள்ளைப் பருவத்தில் அப்பா என்பவர் பெரும்பாலும் ஒரு மணியார்டர். படிவத்தின் அடியில் சேதி எழுதச் சின்னதாக ஓர் இடம் இருக்கும். அதில் இரண்டு வரி. ‘கேவுரு விதைச்சாச்சா. பாப்பா ஜுரம் நின்றதா. லீவு மார்ச்சு.’ தபால்காரர் கிழித்துக் கொடுக்கும் அந்தத் துண்டை அம்மா பால் கணக்குச் சீட்டோடு கம்பியில் குத்தி வைப்பார். விலாசத்தில் ஊர் இருக்காது. எண், பெயர், யூனிட், 56 ஏ.பி.ஓ., அவ்வளவே. 56 என்று எழுதினால் கடிதம் டெல்லிக்குப் போகும், 99 என்று எழுதினால் கல்கத்தாவுக்கு. அங்கிருந்து ராணுவத் தபால் கொண்டுபோய்ச் சேர்க்கும். புருஷன் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று அம்மாவுக்குத் தெரியாது. 56 மாறி 99 வந்தால் மட்டும், “கெழக்க மாத்திட்டான்” என்று சொல்லி, அசாம் மழைக்குப் பயந்து மாரியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைப்பார்.

வருஷத்துக்கு இரண்டு மாத லீவு. வெள்ளைப் பெயின்டில் எண்ணும் பெயரும் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டியோடு காட்பாடியில் இறங்குவார். முதல் வாரம் திருவிழா. இரண்டாம் வாரத்தில் அம்மாவின் சமையலறை அலமாரியை உயரப்படி அடுக்க ஆரம்பித்துவிடுவார். பெரிய டப்பா பின்னால், சின்னது முன்னால், மூடி எல்லாம் ஒரே திசையில். புளி எங்கே, கடுகு எங்கே என்று அம்மா தேடித் தவிப்பார். மூன்றாம் வாரம் எங்கள் ஜமுக்காளத்தை மடிக்கும் முறை தப்பென்று அண்ணனுக்கு அடி விழும். “ஏங்க, எத்தினி நாள் லீவு போட்டீங்க?” என்று அம்மா கேட்பது ஆசையினால் மட்டும் அல்ல. அவர் ரயிலேறிய அன்று சாயங்காலமே டப்பாக்கள் பழைய இடத்துக்குப் போய்விடும். அன்று ராத்திரி அம்மா சாப்பிட மாட்டார். இரண்டும் உண்மைதான்.

அப்பாவின் சர்வீஸில் நாங்கள் தொடக் கூடாத பகுதி ஒன்று இருந்தது. 1987 ஜூலை ஒப்பந்தத்துக்குப் பிறகு அமைதிப் படையாக இலங்கைக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். அப்போது ஹவில்தார். அக்டோபரில் புலிகளோடு போர் மூண்டது. அமைதிப் படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். யாழ்ப்பாணத்துச் சனங்கள் எவ்வளவு பேர் இறந்தார்கள், ஆஸ்பத்திரிக்குள் என்ன நடந்தது என்பதெல்லாம் தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாலைக்கு அடியில் புதைத்த வெடிகளைத் தேடுவதுதான் அங்கும் அப்பாவின் வேலை. கூடவே, தமிழ் தெரிந்தவர் என்பதால், சோதனைச் சாவடியில் மொழிபெயர்க்கவும் நிறுத்தினார்கள். வடக்கத்திச் சிப்பாய் இந்தியில் அதட்டுவதை அவர் தமிழில் சொல்ல வேண்டும். சனங்கள் தமிழில் கெஞ்சுவதை இந்தியில் சொல்ல வேண்டும். இதற்கு மேல் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

முன்பு லீவில் வந்தால் வீட்டில் நாள் முழுக்க இலங்கை வானொலிதான். அறிவிப்பாளர்களின் பேச்சை அப்படியே பேசிக் காட்டுவார். திரும்பி வந்த பிறகு யாராவது அந்த ஸ்டேஷனைத் திருப்பினால் எழுந்து போய் அணைத்துவிடுவார். ஏன் என்று அண்ணன் ஒரு தரம் கேட்டான். “பேட்டரி வீணாவுது” என்றார்.

1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பிச் சென்னையில் இறங்கியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த முடிவுக்கு இங்கே ஆதரவும் இருந்தது, கசப்பும் இருந்தது. அப்பாவிடம் கோபம் எதுவும் நான் பார்க்கவில்லை. அந்த ஆண்டே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் செய்தது சரியா, அனுப்பியவர்கள் செய்தது சரியா என்று அவருக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது என்றுதான் நினைக்கிறேன். தீர்ப்பு வந்ததா என்று தெரியாது. மகளாக நான் அவருக்குச் சாதகமாகச் சொன்னாலும் அது சாட்சியாகாது.

ஓய்வுக்குப் பிந்தைய கதை எல்லா மிலிட்ரிக்காரருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். 42 வயதில் ‘பெரியவர்’ ஆகிவிடுகிறார்கள். வங்கி வாசலில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு ஸ்டூலில் உட்கார்ந்து, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்துக்கொண்டே பல வருஷம். சொந்தக்காரர்களுக்கு அவரைவிட அவருடைய கேண்டீன் கார்டின்மேல் பிரியம் அதிகம். கல்யாண வீட்டுக்கு குக்கர், மாமனார் காரியத்துக்கு ரம். ‘உனக்குத்தான் குடிக்கிற பழக்கம் இல்லையே’ என்று உரிமையாகக் கேட்டு வாங்கிப் போவார்கள். ஒரே பதவி ஒரே ஓய்வூதியத்துக்காக 2015-இல் டெல்லி ஜந்தர் மந்தரில் முன்னாள் வீரர்கள் மாதக்கணக்கில் உட்கார்ந்தபோது அப்பா டிவி முன்னால் சட்டை போட்டுக்கொண்டு உட்காருவார், தானும் அங்கே இருப்பது போல. நவம்பரில் ஆணை வந்தது. 2014 ஜூலை முதல் கணக்கிட்டார்கள். வந்த பாக்கியில் கொல்லைக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டினார். அளவு, மட்டம், கலவை எல்லாம் அவரே. கொத்தனார் இரண்டாம் நாள் சொல்லாமல் நின்றுவிட்டார். மீதியையும் அவரே கட்டினார்.

போன வருஷம் இறந்தார். சுற்று ஊர்களிலிருந்து முன்னாள் வீரர்கள் பெரே தொப்பி போட்டுக்கொண்டு வந்து வரிசையாக நின்று சல்யூட் வைத்தார்கள். சிலருக்கு முழங்கை மடங்கவே சிரமம். காரியம் முடிந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பதக்கங்கள் இருந்தன. 71 போருக்கான சங்ராம் பதக்கத்தின் விளிம்பில் அவர் எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருந்தது. சின்ன வயதில் அண்ணன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்குப் போய், ‘வெள்ளி இல்ல தம்பி’ என்று திருப்பியனுப்பப்பட்ட கதையைச் சொல்லிச் சிரித்தோம். பதக்கங்களுக்கு அடியில், படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்.

அதைப் புரட்டியபோதுதான் சிக்கல் தெரிந்தது. கல்யாணமான புதிதில் மனைவி பெயரைக் கேட்டிருக்கிறார்கள். அப்பா வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறார். கிளார்க் அதைத் தனக்குக் கேட்ட மாதிரி ஆங்கிலத்தில் எழுதி, ‘பார்ட் டூ ஆர்டர்’ என்கிற ராணுவப் பதிவில் ஏற்றி, பென்ஷன் ஆணை வரை அதுவே போய்விட்டது. அம்மாவின் ஆதாரில் இருக்கும் பெயர் வேறு, பிறந்த வருஷம் வேறு. குடும்ப ஓய்வூதியம் என்பது பொதுவாகக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். அந்தப் பணம் யாருக்குப் போக வேண்டுமோ அந்தப் பெண்மணி காகிதத்தில் இல்லை. இரண்டு பெயரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம், சான்று, ரெக்கார்டு ஆபீசுக்குக் கடிதம், இணையதளத்தில் பதிவேற்றம், ‘திருப்பியனுப்பப்படுகிறது’ என்று பதில். ஒரு கவுன்டரில், “நீங்கதான் அவர் சம்சாரம்னு நாங்க எப்படி நம்பறது?” என்று அம்மாவிடம் கேட்டார்கள். 99 ஏ.பி.ஓ. என்றால் எந்தத் திசை என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்தவர், பதில் பேசாமல் பையிலிருந்து அந்தக் கம்பியை எடுத்து வைத்தார். மணியார்டர் துண்டுகள், பால் சீட்டோடு. அது சட்டப்படி செல்லாது. பல மாதம் கழித்துக் காரியம் ஆனது, அந்தக் கம்பியால் அல்ல, பிரமாணப் பத்திரத்தால்தான்.

டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகத்தின் சுவர்களில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் பொறித்திருக்கின்றன. இலங்கையில் இறந்த நம் வீரர்களுக்கும் கொழும்புக்குப் பக்கத்தில் பெயர் தாங்கிய நினைவிடம் இருக்கிறது. நியாயம்தான். அவர்கள் உயிரைக் கொடுத்தவர்கள். ஆனால் 24 வருஷம் உழைத்து, உயிரோடு திரும்பி, வங்கி வாசலில் உட்கார்ந்து, வயதாகிச் செத்தவருக்கு எந்தச் சுவரும் இல்லை. பாலத்தைக் கட்டியவன் பெயரைப் பாலத்திலும் எழுதுவதில்லை. அவருக்கென்று இருப்பது அந்த டிஸ்சார்ஜ் புக் ஒன்றுதான். அதிலும் பாதி தப்பு.

ஆகவே, வீட்டில் மிலிட்ரிக்கார அப்பா, தாத்தா இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீரக்கதை கேட்பதை விடுங்கள். எந்த யூனிட், எந்த ஊர், கூட யார் இருந்தார், என்ன வேலை செய்தார் என்று கேட்டு ஒரு நோட்டில் தமிழிலேயே எழுதி வையுங்கள். அவர் பேச மறுக்கும் இடம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆணையையும் எடுத்து, அதில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள்; எந்த விண்ணப்பம், எந்த ரெக்கார்டு ஆபீஸ் என்று சொல்வார்கள். அவர் உயிரோடு இருக்கும்போது அவர் கையெழுத்தில் முடிகிற திருத்தம் அது. நவம்பரில் உயிர்ச் சான்று கொடுக்க அவர் போகும்போது, கூடப் போங்கள். இந்தத் திருத்த வேலையையும் அன்றைக்கே தொடங்கிவிடுங்கள்.